நூலகக் காற்றாடியில் கழற்றப்பட்ட பூட்டு

அனுப்புநர்:
ஜீன் கோவாச்,
மூத்த மெக்கானிக், கட்டடப் பராமரிப்பு,
ஹார்லன் ஃபால்ஸ் பல்கலைக்கழகம், ஒஹாயோ.

பெறுநர்:
பணிப் பாதுகாப்பு இயக்குநர் அவர்கள்,
மேற்படி பல்கலைக்கழகம்.

பொருள்: ஒப்பந்தப் பணியாளர் ட்வெய்ன் புரூயிட் பிறரது பூட்டைக் கழற்றியதும், அதில் என் குற்றமும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இயந்திரத்துக்குள் கையை விடுபவர் மின்சாரத்தை நிறுத்தி, வேறு யாரும் இயக்கிவிடாதபடி சுவிட்சில் தம் பெயர் எழுதிய பூட்டை மாட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் இதே விதிதான். என்னுடன் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த லோரெட்டா விஷர்ட் ஒருநாளும் தம் சாவியை என்னிடம் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

2. மார்ச் முதல் அவரை ட்வெய்னுடன் வேலைக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாடும் ட்வெய்னின் வண்டியில்தான். கடந்த செவ்வாய்க்கிழமை காலை, நூலக மாடியில் ட்வெய்ன் லோரெட்டாவின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். விதியைச் சுட்டிக்காட்டினேன்.

"அவங்களாத்தான் குடுத்தாங்க. உனக்கென்ன, பொறாமையா பெருசு?" என்றார்.

நான் சற்றுத் தள்ளிப் போய் நின்றேன்.

3. பத்து நிமிடம் கழித்து, வேலை முடிந்துவிட்டதாக நினைத்து அவர் லோரெட்டாவின் பூட்டைக் கழற்றினார். கட்டடத்துக்குக் காற்று அனுப்பும் பெரிய காற்றாடியின் பெட்டிக்குள் லோரெட்டா இன்னும் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய முதுகு தெரிந்தது.

4. அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சுவிட்சில் கை வைக்கட்டும், கையும் களவுமாக மாட்டட்டும், இவன் யாரென்று லோரெட்டாவுக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தேன். மூன்று நொடி இருக்கும். நான் கத்தியபோது காற்றாடி சுழலத் தொடங்கியிருந்தது. ட்வெய்ன் உடனே அணைத்தார். லோரெட்டாவின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

5. மருத்துவமனையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் கத்தலேன்னா என் கையே போயிருக்கும் ஜீன்" என்றார். நேற்று, தங்கள் அலுவலகம் என்னைப் பாராட்டுச் சான்றிதழுக்குப் பரிந்துரைத்துள்ளதாகத் தெரிந்தது.

6. ஆகவே, ஒருவர் சாவியை மற்றவர் வாங்குவதைத் தடை செய்யவும், ட்வெய்னை விசாரிக்கவும், அதே விசாரணையில் என்னையும் நிறுத்தவும், சான்றிதழிலிருந்து என் பெயரை நீக்கவும் வேண்டுகிறேன். மூன்று முறை மருத்துவமனைக்குப் போயும் லோரெட்டாவிடம் இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடம்: ஹார்லன் ஃபால்ஸ்
நாள்: மே 19

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜீன் கோவாச்

நகல்: திருமதி லோரெட்டா விஷர்ட், மருத்துவமனை, அறை எண் 214.