கடைசிச் சுற்றுக்கு ஓர் ஆள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், படகுதான் ஒழுகுகிறது. உன் இருமல் நின்றதா? மாமாவோட பேசுங்கப்பா, அப்பத்தான் வருவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்கான பதிலைத்தான் இதில் எழுதுகிறேன்.

நம் பாய்மரப் படகின் அறைக்கு மேலே கூரைக் கண்ணாடி இருக்கிறதே, சின்ன வயதில் மல்லாந்து படுத்து மேகம் பார்ப்பாயே, அது நெடுக விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடி என்று பெயரே தவிர அது அக்ரிலிக் பிளாஸ்டிக் பலகை, பெயிண்ட் கரைக்கும் தின்னர் பட்டால் ஆகாது. நீ விமானம் ஏறிய வாரம், பளபளக்க வைக்கிறேன் பேர்வழி என்று உன் மாமா தின்னரை ஊற்றித் துடைத்தார். அன்று விழுந்த மயிரிழைக் கீறல்கள்தான் வளர்ந்து, உன் படுக்கையில் மழைநீர் சொட்ட வைத்தன. நான் எதையும் மறப்பவனில்லை, உனக்கே தெரியும். என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்த ஆசாமியின் தும்மல் சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த விரிசல்களுக்கு அடியில் படுத்தபோது வெயில் துண்டு துண்டாகிச் சுவரெல்லாம் நீந்தியது. பழைய பலகையைப் பெயர்த்து எடுத்ததும் வானம் அப்படியே உள்ளே இறங்கி வந்தது. ஒரு பறவையின் நிழல் தலையணைமேல் நடந்து போயிற்று. அசைந்தது படகா மேகமா என்று தெரியாமல், வேலையை மறந்து வெகுநேரம் கிடந்தேன். அப்பா, அந்த மேகம் நம்மளயே பாக்குது என்று நீ பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்வது போலவே இருந்தது.

புதுப் பலகையைத் தனி ஆளாகப் பொருத்த முடியாது. மேலே ஒருவர் திருகாணியைப் பிடிக்க, கீழே ஒருவர் நட்டை முடுக்க வேண்டும். நான் பகைத்துக்கொள்ளாத ஆள் யார் மிச்சம்? அம்மா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். வந்தவர், அத்தான், பயப்படாதீங்க, தின்னர் கொண்டு வரல என்றார். நான் சிரிக்கவில்லை, கீழே போகும்படி விரலைக் காட்டினேன். அவர் உன் படுக்கையில் மல்லாந்துகொண்டார். நடுவில் தெளிந்த பலகை. ஒரு தட்டு தட்டினால் முடுக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். பகலெல்லாம் அதுதான் எங்கள் பேச்சு. பலகையில் என் முகமும் மேகமும் மிதக்க, அதற்கும் அடியில் தண்ணீருக்குள் தெரிவது போல அவர் முகம். நன்றாக நரைத்துவிட்டார். வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. இங்கருந்துதான் மேகம் பாப்பாளா அத்தான் என்று கேட்டார். ஆமா என்றேன். நீ போனதிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அடியில் வைத்த பசை இறுகும்வரை நட்டுகளைக் கொஞ்சம் தளர்வாகவே விட வேண்டும், இப்போதே இறுக்கினால் பசை பிதுங்கி இந்தப் பலகையும் விரிசல் விடும். காய்ந்த பிறகுதான் கடைசிச் சுற்று. அதற்கும் கீழே ஓர் ஆள் வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று நீயும் அம்மாவும் கதை கட்டாதீர்கள். நட்டுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை அம்மா சொல்லி அனுப்பவில்லை. நானே போன் செய்து கூப்பிட்டேன்.

எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. உன் படுக்கையை வெயிலில் போட்டிருக்கிறேன். டிக்கெட் எடுத்ததும் மாமாவுக்கும் சொல்லிவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா