இரண்டாவது ரத்தம்

ஐப்பசி 18, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

சின்னவள் ரேணுவால் இடது காலை ஊன்ற முடியவில்லை. உடம்பும் சூடு. படகேறி, அக்கரையில் பஸ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரி. இடுப்பு மூட்டில் சீழ் பிடிக்கிறதோ என்று சந்தேகம். சீழ் இருந்தால் ஏறுகிற எண்கள் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். சி.ஆர்.பி. ஒன்பது, கொஞ்சம்தான் அதிகம். இ.எஸ்.ஆர். சரி.

டாக்டரம்மா: "காய்ச்சல் வந்து அரை நாள்கூட ஆகலைம்மா. இதெல்லாம் ஏற நேரமாகும். இங்கயே இருங்க, காலையில திரும்ப எடுக்கணும்."

"அதான் ஒருவாட்டி பாத்தாச்சே டாக்டர்."

ஒரு கை இறாலை அள்ளி எண்ணி முழுக் கூடைக்கும் விலை சொல்கிறவள் நான். பதினாறு வருஷத்தில் அந்தக் கை பொய் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர்: "இருன்னு சொன்னாங்களாமே, இன்னாத்துக்கு இட்டுனு வந்த?"

"ரிப்போட்டு நல்லாத்தான்யா கீது. நீ போய் வலைய அலசு."

19, புதன்.

மழை வலுத்தது. இறால் நல்ல வரத்து, பெரிசு, கிலோவுக்கு முப்பது உருப்படிதான் நிற்கிறது. ஐஸ் போதவில்லை. ரேணு சத்தமில்லாமல் படுத்திருந்தாள். கஞ்சி வேண்டாமாம். தொல்லை இல்லை. நல்ல பிள்ளை.

20, வியாழன்.

விடியலில் பாவாடை மாற்றக் காலைத் தொட்டேன். அப்படி ஒரு அலறல். படகில் யாரையும் கிட்டே விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம். சி.ஆர்.பி. நூற்றெண்பது. இ.எஸ்.ஆரும் ஏறிவிட்டது. ஸ்கேனில் மூட்டுக்குள் நீர். ஊசியால் உறிஞ்சினால் சீழ். உடனே ஆபரேஷன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆபரேஷன் அறை வாசலில் வீட்டுக்காரர்: "ஒரு நாளுதானடி இருக்கச் சொன்னாங்கோ."

22, சனி.

காய்ச்சல் இறங்குகிறது. சி.ஆர்.பி. நூற்றுப்பத்து. தொடை எலும்பின் தலை கெட்டதா என்று இப்போது தெரியாதாம். "வளர வளரத்தாம்மா தெரியும். நொண்டலாம், நொண்டாமலும் போகலாம்."

எனக்கு அரைகுறைப் பதில் பிடிக்காது. பிடிக்காததால் வந்ததுதான் எல்லாம்.

24, திங்கள். வெயில்.

மூன்று வாரம் ஊசி, வார்டில்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம். நர்ஸைப் பார்த்ததும் ரேணு கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"குத்தவுட்டா இன்னா தருவ?"

என் பெண்ணேதான். பொம்மை என்றேன். "ஐய, யாருக்கு வோணும்?" வளையல் என்றேன். உதட்டைப் பிதுக்கினாள்.

கடைசியில் படிந்தது: ஒரு குத்துக்கு ஒரு நாள் அவளை நான் இறால் எடுக்கும் படகுத்துறைக்குக் கூட்டிப்போக வேண்டும். தூக்கக்கூடாது. என்கூட நடந்துதான் வருவாள். முன்னால் எடுத்ததும் கணக்கில் உண்டு. இன்றோடு நாலு குத்து, நாலு நாள்.

சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.