எழுதாமல் நின்ற பியானோப் பதிவு

மச்சாள்,

காலையில் அலுமாரியைத் துடைத்தபோது உங்கள் ஹெட்போன் கைக்கு வந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். பஞ்சு உதிர்ந்து கறுப்புத் துகள்கள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. கழுவ மனம் வரவில்லை.

அண்ணா உங்களை என்னோடு விட்டுவிட்டு வெளிநாட்டில் உழைத்த அந்த யுத்த வருடங்களில் உப்புவெளி வீட்டில் நாம் இரண்டு பேர்தான். பொழுதுபட்டால் வாசலுக்கு வெளியே கால் வைக்க முடியாது. கரண்ட் இருந்தால் படம், இல்லாவிட்டால் பற்றரி ரேடியோ. நம் வலைப்பூ அப்படித்தான் தொடங்கியது. படம் என் பங்கு, பாட்டு உங்கள் பங்கு. ஓர்ஸ் ஹில்லில் என் அலுவலகக் கணினியில் சாப்பாட்டு நேரத்தில் தட்டி ஏற்றுவேன். வாசித்தவர்கள் மிகச் சிலர். நீங்களோ, பெரிய பத்திரிகை நடத்துபவர்போல, மீன் வெட்டிக்கொண்டே அடுத்தடுத்த பதிவுகளுக்குத் திட்டம் போடுவீர்கள்.

"படத்தில பியானோ வாசிக்கிறவன் ஏன் எப்பவும் காதலில தோத்தவனாவே இருக்கிறான்? அதை எழுதுவம்."

"பியானோவை நேரில காணாத நாங்களோ எழுதிறது?"

"கண்ட ஆக்கள் எழுதேல்லையே. வேற ஆர் எழுதிறது?"

அந்தப் பதிவு தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் ஒரு மத்தியானம் நகரத்தில் குண்டு வெடித்தது. உடனே ஊரடங்கு. பயத்தினாலோ என்னவோ, உங்களுக்கு முட்டு இழுத்து மூச்சுத் திணறத் தொடங்கியது. வாயில் வைத்து இழுக்கும் பம்பில் மருந்து முடிந்திருந்தது. கடைகள் எல்லாம் பூட்டு. தொலைபேசியில் ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோக்கார அண்ணை, வெள்ளைத் துணியொன்றைக் கம்பியில் கட்டினார். "வாறது வரட்டும். ஏத்துங்கோ," என்றார்.

சோதனைச் சாவடியில் மறித்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. "பொட்டக் இன்ன," என்றான், கொஞ்சம் பொறுங்கள் என்று. வோக்கியில் மேலிடத்தைக் கேட்டான். பதில் இல்லை. ஓட்டோவுக்குள் உங்களால் மூச்செடுக்க முடியாததைக் கண்டு, தன் கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டான். தண்ணீர் தந்தான். திரும்பவும் கேட்டான். தானாக விட அவனுக்கும் அதிகாரம் இல்லை.

"கதையுங்கோ," என்றீர்கள்.

"என்னத்தைக் கதைக்க?"

"அடுத்த பதிவு."

கதைத்தேன் மச்சாள். வேறு என்ன செய்ய என்னால் ஏலும்? இடைவேளைக்கு முதல் வரும் கடைசிக் காட்சியைப் பற்றி எழுதுவம் என்றேன். சொல்லே இல்லாமல் முனகலில் தொடங்கும் பாட்டுகள், மழைப் பாட்டில் ஒருவருக்கும் தடிமன் பிடிக்காதது, எல்லாம் சொன்னேன். முதலில் தலையாட்டினீர்கள். பிறகு அதுவும் குறைந்தது. பயந்துபோய், வேண்டுமென்றே பிழையாக ஒன்று சொன்னேன். "உங்களுக்குப் பிடிச்ச அந்தப் பாட்டு வயலினிலதானே தொடங்குது?"

அது புல்லாங்குழல். எனக்கே தெரியும். வாத்தியத்தின் பெயரை ஆராவது மாற்றிச் சொன்னால் பொறுக்காத நீங்கள், என் கையைப் பிடித்திருந்தீர்கள்; திருத்தவில்லை.

போகலாம் என்று ஒருவழியாகப் பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த டொக்டர், "சுணங்கிப்போச்சு அம்மா, நேரத்தோட கொண்டந்திருக்க வேணும்," என்றார். அவ்வளவுதான்.

அண்ணா போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "கடைசியா என்ன கதைச்சவ?"

"பதிவுகளைப் பற்றி," என்றேன். அவர் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

பியானோப் பதிவை எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்துவிட்டேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை. வலைப்பூ அப்படியே கிடக்கிறது.

இப்போது அந்த வீதியில் யாரும் மறிப்பதில்லை. சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். பஸ் அந்த இடத்துக்குக் கிட்ட வந்தவுடன், பார்த்த படங்களையும் கேட்ட பாட்டுகளையும் உங்களுக்கு மனதுக்குள் சொல்லத் தொடங்குவேன். பக்கத்தில் இருப்பவர் ஏதும் கேட்டாலும் காதில் விழாது. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை நிறுத்தமாட்டேன்.