இஸ்திரிப்பெட்டிக்கு விழுந்த தடை

என் அன்பு மகனுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், கடையில் ஆறு வாஷிங் மெஷினில் ஐந்து நலம், ஆறாவது மட்டும் சுற்றும்போது ரயில் போகிற மாதிரி சத்தம் போடுகிறது, மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு பெல்ட் வாங்கி வருகிறேன் என்று போனவர் இன்னும் வந்தபாடில்லை. அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்கு முதுகுவலி தேவலையா, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே இருந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும், சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கச் சொல், சொன்னால் மட்டும் போதாது, நீயும் கூட நட. உன் அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்ட முதல் நாளே கடைக் கூரையில் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்து என்னைக் கேள்வி கேட்டார். பதினொரு வருஷமாக அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இதைக் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசி வைத்துவிடுவேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. நீ வேலை முடிந்த நேரத்தில் நடத்துகிறாயே அந்த இணைய மன்றம், எல்லா மதத்தாரும் ஒரே இடத்தில் பேசிக்கொண்டிருந்ததை மதத்துக்கு ஓர் அறை என்று பிரித்துவிட்டேன், வாதாட வேண்டும் என்கிறவர்களுக்கு விவாத அறை என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறேன், ஒரு மதத்தார் அறையில் இன்னொரு மதத்தார் படிக்கலாம், எழுதக் கூடாது என்று விதியும் போட்டாயிற்று என்றெல்லாம் சொல்லிவிட்டு, நான் செஞ்சது சரிதானேம்மா என்று கேட்டாய். நான் சரிதான் என்றேன். அது பாதிப் பதில். மீதியை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. போன செவ்வாய்க்கிழமை நீ மன்றத்திலிருந்து ஒரு மாதத்துக்கு வெளியே தள்ளினாயே, இஸ்திரிப்பெட்டி என்று ஓர் ஆள், அது நான்தான்.

சிரித்து முடித்தாயிற்றா. ஒன்றரை வருஷமாக நான் அங்கே இருக்கிறேன். மகன் என்னதான் நடத்துகிறான், எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நுழைந்தேன். சொந்தப் பேரில் வந்தால் நீ சங்கடப்படுவாய் என்று அப்போது கையில் இருந்த சாமானின் பேரைக் கொடுத்தேன். மெஷின் ஒரு ஓட்டம் ஓடி முடிய நாற்பது நிமிஷம், மதியத்தில் வாடிக்கையாளரும் வரமாட்டார்கள், சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எவரோ நம் மதத்தைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார். ஒரே ஒரு வரி திருத்திவிட்டுப் போய்விடலாம் என்று கை வைத்தேன், அன்றைக்குப் பிடித்தது சனி. யாரு கூட இப்படித் தட்டிட்டு இருக்கே, துணி கருகுது பாரு என்று உன் அப்பா கத்துவார். உண்மையிலேயே ஒரு சட்டையின் காலர் போய்விட்டது. பழியை இஸ்திரிப்பெட்டி மேல் போட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். நீ அனுப்பிய தடைக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தங்களின் தொடர் விதிமீறலை மரியாதையுடன் சுட்டிக்காட்டுகிறோம் என்று எழுதியிருந்தாய். உன்னைப் பெற்ற நாளிலிருந்து நீ என்னைத் தாங்கள் என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கோபம் வந்தது, கூடவே என் பிள்ளை எல்லாருக்கும் ஒரே தராசுதான் வைத்திருக்கிறான் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் விதியை மீறியது யாருக்காக என்று உனக்குத் தெரிய வேண்டும். மூன்றாம் மாடி என்ற பேரில் அங்கே ஓர் அம்மாள் எழுதுவார், நீயும் பார்த்திருப்பாய். வேறு மதம். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல் மாடியில் தனியாக இருக்கிறார். கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் போன புதிதில் இந்த அம்மாள் பொது இடத்தில் வந்து, செத்தவங்க எங்க போறாங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்களே, யாராவது போய்ப் பாத்துட்டு வந்தீங்களா என்று எல்லா மதத்தாரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். நான் நம் மதம் சொல்வதை எழுதினேன். அவர் தங்கள் மதத்தில் இருந்து ஒன்றை எடுத்துப் போட்டு என்னை மடக்கினார். அன்றிலிருந்து தினமும் மதியம் எங்களுக்கு இதே வேலை, நான் விடாக்கண்டன் என்றால் அவர் கொடாக்கண்டன். ஒரு நாள் நான் வரத் தாமதமானால் என்ன, இன்னிக்குப் பெட்டி சூடாகலையா என்று கேட்பார். உங்க கூட சண்டை போடுற நேரத்துலதான் அவர் இல்லைங்கறது மறக்குது என்று ஒரு தடவை எழுதினார். அன்றைக்கு நான் வேண்டுமென்றே தோற்றேன்.

நீ பிரித்த பிறகு அவர் அவர்கள் அறையில், நான் நம் அறையில். விவாத அறைக்குப் போகலாம் என்றால் அங்கே சொந்த விஷயம் பேசக் கூடாது, ஆதாரம் மட்டும்தான் என்று எழுதி வைத்திருக்கிறாய். செத்துப்போன கணவர் சொந்த விஷயம் இல்லாமல் வேறென்ன. தனிச் செய்தி அனுப்பும் வசதியையும் போன வருஷமே நீ மூடிவிட்டாய், அதில் வசவு அனுப்புகிறார்கள் என்று. செவ்வாய்க்கிழமை அவர் தங்கள் அறையில், அடுத்த வியாழக்கிழமை இதயத்தில் ஆபரேஷன், பயமாயிருக்கு, எனக்காக வேண்டிக்கோங்க என்று எழுதியிருந்தார். அவர்கள் ஆட்கள் நல்லவர்கள், எல்லாரும் வேண்டிக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். எனக்குப் படிக்க முடிகிறது, எழுத அனுமதி இல்லை. மனசு கேட்காமல் எழுதினேன், நீ அழித்தாய். மறுபடி எழுதினேன், அழித்தாய். நான் சண்டைக்கு வரல, பாக்க வந்தேன் என்று மூன்றாவது தடவை எழுதினேன், அதோடு கதவு சாத்தியாயிற்று. அந்த அம்மாளின் பேர்கூட எனக்குத் தெரியாது.

இதைச் சொல்வதால் நீ பிரித்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. தாயை இழந்த ஒரு பெண் வந்து, அம்மாவுக்காக எப்படி வேண்டிக்கொள்வது, எனக்குப் பழக்கமில்லை என்று கேட்டாளே, எல்லாப் பக்கத்து ஆட்களும் பாய்ந்து அப்படி வேண்டினால் பலிக்காது, இப்படித்தான் என்று பத்தொன்பது பதில் போட்டு, அவள் திரும்பி வரவே இல்லை என்று நேற்று சொன்னாய். அதுக்கப்புறம்தான் பிரிக்கணும்னு தோணுச்சும்மா என்றாய். அந்தப் பத்தொன்பதில் ஒன்று என்னுடையது. அன்பாகத்தான் எழுதினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தடை எழுதுவதற்குத்தான், படிக்க முடிகிறது, நேற்று நீ சொன்ன பிறகு தேடிப் படித்துப் பார்த்தால், அழுகிற பிள்ளையிடம் பரீட்சை வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. போனில் இதையெல்லாம் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் தொழிலில் தெரிந்ததைச் சொல்கிறேன். புதுத் துணி சாயம் விடும், நாலைந்து தடவை தனியாகத்தான் அலச வேண்டும், அது துணியின் குற்றம் இல்லை. நாள்பட்ட துணியை எதோடும் போடலாம். ஆனால் எது புதுசு, எது பழசு என்று முப்பது வருஷம் ஆகியும் பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சொல்லத் தெரியாது, கொண்டுவந்தவரிடம் கேட்டுத்தான் போடுவேன். நீயும் கேள். எழுத வருகிறவர், என் ஆட்கள் மட்டும் பேசட்டும் என்றோ, யார் வேண்டுமானாலும் வரட்டும் என்றோ முதலிலேயே சொல்லிவிடட்டும். அந்தப் பெண் முதலாவதைச் சொல்லியிருப்பாள், நாங்கள் யாரும் கிட்டப் போயிருக்க மாட்டோம். மூன்றாம் மாடி இரண்டாவதைச் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உனக்கு இதைச் செய்து வைக்கத் தெரியாவிட்டால் மருமகளைக் கேள், அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி.

என் தடையை நீக்க வேண்டாம். அம்மா என்று தெரிந்ததும் நீக்கினாய் என்றால் மற்றவர்கள் முகத்தில் நீ எப்படி விழிப்பாய், ஒரு மாதம்தானே, ஓடிவிடும், அதுவரை காலர்களாவது பிழைக்கட்டும். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், மனசு விட்டுச் சிரித்துக்கொண்டு நூறு வயசு இருக்க வேண்டும், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இன்றைக்குத் திங்கள். வியாழக்கிழமைக்குள் அந்த அம்மாள் எழுதியதற்குக் கீழே, நிர்வாகி என்ற பேரிலேயே, கீழே இருப்பதை ஓர் எழுத்து மாற்றாமல் போட்டுவிடு.

மூன்றாம் மாடி அம்மாவுக்கு, இஸ்திரிப்பெட்டி சொல்லச் சொன்னது. செத்தவங்க எங்க போறாங்கன்னு நம்ம ரெண்டு பேருக்குள்ள இன்னும் முடிவாகல. நேர்ல போய்ப் பாத்துக்கறேன்னு அவசரப்படாதீங்க. நான் இன்னும் தோக்கல.

இப்படிக்கு,
உன் அம்மா