ஜெர்மன் காருக்கு நீங்கள் ஏற்றிய குதிரைத்திறன்

காலையில் மின்சாரம் போனது. எதிர்ப்புறத்து ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். டீசல் புகை சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வந்ததும், உலையில் அரிசி போடப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நீங்கள் வீட்டுக்குள் வரும்போது உங்கள் சட்டையில் இருந்த வாசனை அது.

மலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அந்த ஜெர்மன் காரை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். இருபது வருஷம் ஓடிய வண்டி. மெத்தை மாதிரி இருக்கை. கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுகிற சத்தம். வங்கியிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பீர்கள், பிறகுதான் எங்களை. அழகுக்குக் குறைவில்லை, இழுவைதான் இல்லை. அந்தக் கனத்துக்கு அந்த டீசல் எஞ்சின் போதாது. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலில் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ பஸ்கள் நம்மை முந்திவிடும். உங்களுக்கு முகம் சிவந்துவிடும்.

ஒரு முறை நாங்குநேரிக்கு முன்னால், வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றைத் தாண்ட வலப்பக்கம் ஏறினீர்கள். எதிரே பஸ் வந்துவிட்டது. நீங்கள் மிதிக்கிறீர்கள், வண்டி நகரமாட்டேன் என்கிறது. கடைசியில் ஸ்டியரிங்கை ஒடித்து, சாலையின் அந்தப் பக்கத்தில் உடைமர முட்புதருக்குள் விட்டீர்கள். பஸ் நம்மை உரசாமல் போனது. யாருக்கும் காயமில்லை. பின்னிருக்கையில் இருந்த நம் மகள் கோமதிக்குப் பத்து வயது.

அதன்பின் வெகுநாள் அவள் காரில் ஏறவே இல்லை. நானும் அவளும் பஸ்ஸில் போவோம். நீங்கள் காலி காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவீர்கள்.

"வண்டியில இழுவை இருந்திருந்தா தாண்டியிருப்பேன்லா. அதைச் சரி பண்ணிட்டா புள்ளைக்குப் பயம் போயிரும்" என்றீர்கள்.

அப்படித் தொடங்கியதுதான் அந்த வேலை. மேலப்பாளையத்தில் மைதீன் பாயின் பட்டறையே உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீடாயிற்று. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றைத் தூத்துக்குடி பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தீர்கள். அதைப் பொருத்தி, டீசலும் கூடுதலாகப் பாயும்படி பம்பைத் திருகினீர்கள்.

"பைய கூட்டுவோம் அண்ணாச்சி, சூடு தாங்காது" என்று பாய் சொன்னாராம். நீங்கள் கேட்கவில்லை. முதல் ஓட்டத்திலேயே கரும்புகை கக்கி, தண்ணீர் கொதித்து, எஞ்சின் தலையை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் எரிந்து, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தீர்கள்.

பிறகு இருவரும் பொறுமையாகச் செய்தீர்கள். டீசலைக் குறைத்தீர்கள், பெரிய ரேடியேட்டர் வைத்தீர்கள். ஒரு மாலை என்னை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனீர்கள். மிதித்ததும் என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு லாரிகளை ஒரே மூச்சில் தாண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கல்யாணத்தன்றுகூட உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கோமதியிடம் போனீர்கள். "ஏட்டி, இப்ப வண்டி பறக்கு. எந்த லாரியா இருந்தாலும் சட்டுனு தாண்டிருவேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வண்டியப் பாத்துப் பயம் இல்லப்பா. நீங்க தாண்டுவீங்கன்னுதான் பயம்."

நீங்கள் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டீர்கள். காபி கொண்டுவந்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. "ஏளா, இத்தன நாளு நான் எதை ரிப்பேர் பாத்தேன்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்ட அன்று அவள் முன்னால் குனிந்து சொன்னீர்கள்: "நான் எதையும் தாண்டமாட்டேன். வாக்கு. வாரியா?" அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு ஏறினாள்.

வள்ளியூர் தாண்டி ஒரு வாழைத்தார் லாரி நம் முன்னால் மாட்டியது. மாட்டுவண்டி வேகம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன வே, வண்டியில டீசல் இல்லையா?" என்று கேலி செய்தார். எதிரில் சாலை காலியாகக் கிடந்தபோதும் நீங்கள் லாரியின் பின்னாலேயே போனீர்கள். ஒரு வருஷம் பாடுபட்டு ஏற்றிய அத்தனை குதிரைத்திறனும் உங்கள் காலடியில் சும்மா கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். இறுக்கமே இல்லை.

காவல்கிணறு நெருங்கும்போது கோமதி பின்னிருக்கையிலிருந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ரோடு சும்மாத்தான கெடக்கு. போங்க."

"நெசமாவா?"

"ம். போங்க."

கார் ஒரு சிரமமும் இல்லாமல் லாரியைத் தாண்டியது. அவள் கை உங்கள் தோளில் இருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்று உள்ளே புகுந்து அடித்தது. உங்கள் கண்ணில் நீர் வந்ததற்குக் காற்றைக் காரணம் சொன்னீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. கோமதி பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து, வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்கிறாள். மாட்டேன் என்பதற்கு நான் காரணங்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன்: பால்காரர் நல்லவர், ஆஸ்பத்திரி எதிரில், கதவுக்குப் புதுப் பூட்டு. போன வாரம் அதை நிறுத்திவிட்டு, "உனக்கு என்னட்டி பயம்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "அப்பா போகையில நான் பக்கத்துல இல்லம்மா."

நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம்.