மாதம்மாள் வீட்டு எர்த் குழி

ஜூன் 9
மாதம்மாள் அத்தையின் புது வீட்டுக்கு வயரிங் முடித்தேன். எலக்ட்ரீசியன் சர்டிபிகேட் வாங்கியபின் முதல் வேலை. இந்த மலையில் ஒரு பெண் செய்த முதல் வயரிங்காம் - அப்பா டீக்கடையில் எல்லோரிடமும் சொல்கிறார்.

எர்த் குழி மட்டும் சரியில்லை. கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க எட்டடி தோண்ட வேண்டும். ஒன்றரை அடியிலேயே பாறை. குழாயை அறுத்துத் துண்டை நட்டு, மேலே உப்பும் கரியும் கொட்டி மூடினேன். பார்க்க அசலாக இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷமும் குழியை நோட்டில்தான் வரைந்தோம். எனக்கு இருபதுக்கு இருபது. பாறையை யாரும் வரையச் சொல்லவில்லை.

ஜூன் 21
கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறதாம் அத்தைக்கு. செருப்புப் போட்டுக்கொண்டு ஆட்டச் சொன்னேன். சரி என்று நம்பிப் போனாள்.

ஜூன் 22
சுருக்கென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். தெரிந்துதானே செருப்பைச் சொன்னேன்?

ஜூலை 6
அத்தையைக் கிரைண்டர் தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கை வெந்து போளூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிருக்குப் பயமில்லையாம்.

ஜூலை 8
அத்தையின் புருஷன் தனசேகரன் மாமா, கிரைண்டர் விற்ற கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். நானும் கூட நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "எர்த் செக் பண்ணீங்களாம்மா?" என்றார்.
"பண்ணேன்."
த்தூ. நானெல்லாம் ஒரு ஆள்.

ஜூலை 9
ஒத்துக்கொண்டால் பொட்டச்சிக்கு எதுக்குக் கரண்டு வேலை என்பார்கள். அடுத்த வருஷம் ஐ.டி.ஐ.யில் சேர இருக்கும் பக்கத்து வீட்டு வெண்ணிலாவை வீட்டில் விடமாட்டார்கள். அவளுக்காகத்தான் வாய் திறக்கவில்லையா? பொய். என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள.

ஜூலை 15
அத்தையிடமும் மாமாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாறை வந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னா இன்னா புள்ள? கல்லு ஒடைக்கறதுக்கு இந்த மலையில ஆளா இல்ல?"

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 19
நான்கு நாள் ஆனது. எட்டடி. மாமா உடைத்தார், நான் அள்ளிக் கொட்டினேன். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டிய டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரிந்தது; எர்த் சரி.
அப்பா டீக்கடைப் பக்கம் போவதில்லை.

ஜூலை 28
எனக்குத் தருவதாக இருந்த தன் வீட்டு வயரிங்கைச் சின்னதம்பி சித்தப்பா அடிவாரத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆள் குழியே போடவில்லை. எர்த்துக்கான பச்சை வயர் சுவரோரம் சும்மா தொங்குகிறது. போய்ச் சொன்னேன்.
"நீ போட்ட லட்சணத்ததான் ஊரே பாத்துச்சே" என்றார்.
திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 29
நாளைக்குச் சித்தப்பா வீட்டில் கிரைண்டரில் மாவாட்டுகிறார்கள். இன்று போய், கரண்டே வராதபடி ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். குழி போடுங்கள், தருகிறேன் என்றேன். அவர் மனைவி பாஞ்சாலி சித்தி தெருவில் நின்று அப்பா பெயரைச் சொல்லித் திருடி என்கிறாள். விளக்கு வைக்கிற நேரமாகியும் ஓயவில்லை. முகம் எரிகிறது. கட்டை என் மடியில் இருக்கிறது.