பேனுக்காக அடித்த மொட்டை

உனக்கு,

நிரஞ்சன் தலையில் மறுபடியும் பேன். மருந்து போட்டு வாரினேன். ஒன்பதாம் நாள் மறுபடி போட வேண்டியதை மறந்துவிட்டேன். நேற்று பொறுக்க முடியாமல் மொட்டை அடித்துவிட்டேன். நமக்கு மொட்டை என்றால் பழனிதான். இந்த ஊரில் பையன் தலையை மழித்தால் அப்பா இறந்ததாக நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லிப்டில் எதிர்வீட்டு ராஜஸ்ரீ அவன் தலையைத் தடவி, "அப்பாவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. செத்துட்டாரு."

ஒன்பது வயது அவனுக்கு.

பேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ எங்களைப் பிரிந்து இதே ஊரில் ஔந்தில் தனியாக இருப்பதைச் சொல்ல அதைவிடக் கூச்சம். மாலையில் அவள் சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று பாக்ரி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அப்பா ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கார்னு எட்டு மாசமா சொல்றேன்மா. யாரும் நம்பல. இதை உடனே நம்பிட்டாங்க."

உன்னை என்னிடம் திரும்பி வரச் சொல்லவில்லை. அவனுக்கு முடி வளர்வதற்குள் ஒருநாள் வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த லிப்டில் நில்.

அவனுடைய அம்மா